கடல் ஏறிவந்த கணவாய்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இமயம் தமிழுக்குப் புதிய பாடுபொருள் அன்று. சங்கப் புலவர்க்கு அது வடதிசையின் எல்லை, அசையாமைக்கு உவமை. இமயவரம்பன் என்ற பெயரே ஒரு சேர வேந்தனுக்கு வழங்கியது. கண்ணகிக்குப் படிமம் சமைக்கச் செங்குட்டுவன் கல் எடுத்தது அம்மலையில் என்று சிலப்பதிகாரம் பேசும். பக்தி இலக்கியம் அங்கே கயிலையைக் கண்டது. விடுதலை இயக்கக் காலத்துக் கவிதை அதைத் தாய்நாட்டின் முடியாகக் கண்டது. இவை எல்லாம் உண்மையான பார்வைகளே. ஆயினும் இவை அனைத்தும் தொலைவிலிருந்து நோக்கிய பார்வைகள். தொலைவிலிருந்து நோக்குவோர்க்குச் சிகரம் தெரியும்; வழி தெரியாது.

இவ்வுரையின் பொருள் சிகரம் அன்று, கணவாய். வாய் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வழி என்றும் பொருள் உண்டு. இரு மலைகளுக்கிடையே மனிதன் கண்டெடுத்த மிகத் தாழ்ந்த இடமே கணவாய். சிகரத்தை நாடுபவன் மலையின் மிக உயர்ந்த இடத்தைத் தேடுகிறான். கணவாயை நாடுபவனோ அதே மலையின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடுகிறான். முன்னவன் ஏறிய வழியே திரும்பி வருகிறான். பின்னவன் மறுபக்கம் இறங்கி, வேறொரு நாட்டில், வேறொரு மக்களிடையே சென்று சேர்கிறான். வணிகமும் சமயமும் மொழியும் பரவியது கணவாய்களின் வழியேதான்.

திபெத்திய மொழியில் கணவாய்க்கு 'லா' என்று பெயர். செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் நாது லா, கார்துங் லா என்னும் பெயர்களில் உள்ள 'லா' அதுவே. அத்தகைய கணவாய்களுள் ஒன்று தோரோங் லா. நேபாளத்தின் நடுப்பகுதியில், அன்னபூர்ணா மலைத்தொடருக்கு வடக்கே, கிழக்கில் மனாங் மாவட்டத்தையும் மேற்கில் முஸ்தாங் மாவட்டத்தையும் இணைத்து அது கிடக்கிறது. அதன் உயரம் 5,416 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் தலைமேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் தோரோங் லாவின் தரைக்கு எட்டாது. அந்தத் தரையோ இருபுறமும் 6,400 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் மலைகளுக்கிடையே ஒரு பள்ளம்!

இக்கணவாய்க்குச் செல்லும் பழைய நடைவழி மர்ஸ்யாங்தி ஆற்றின் கரையோடு மேலேறுகிறது. பெசிசஹர் என்னும் சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நெல் விளைகிறது. படிப்படியாகச் செதுக்கிய வயல்களில் நீர் நிற்கிறது. தமிழ் படித்தவர்க்கு அது மருதம். மேலே போகப் போக நெல் மறைந்து மக்காச்சோளம் வருகிறது. ஆறு குறுகி, பாறைகளிடையே இரைந்து விழுகிறது. அருவிகளும் பைன் காடுகளும் சூழ்கின்றன. அது குறிஞ்சி. பின்னர்க் காடும் மெலிந்து, வாற்கோதுமைக் கொல்லைகளும் மேய்ச்சல் வெளிகளும் தோன்றுகின்றன, அது முல்லை. அதற்கும் மேலே புல்லும் இல்லை. கல், சரளை, பனி, காற்று. அது பாலை, வெயிலால் அன்றிக் குளிரால் வறண்ட பாலை. ஐந்திணையில் நெய்தல் ஒன்றே குறை. அதுவும் கணவாய்க்கு அப்பால் காத்திருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

மேய்ச்சல் வெளியில் ஒரு தங்கலிடத்தின் பெயர் யாக் கார்க்கா. யாக் மேயும் இடம் என்பது அதன் பொருள். உடம்பெங்கும் நீண்ட மயிர் தொங்க, பனியில் படுத்து அசைபோடும் அந்த விலங்கைக் காணும் தமிழன் அதனைப் புதிதாகக் காண்பதாக எண்ணத் தேவையில்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில், குமட்டூர்க் கண்ணனார் இமயத்தைப் பாடும்போது அங்கே உறங்கும் கவரியைப் பாடுகிறார். அது அருவியையும் நரந்தம் புல்லையும் கனவில் காண்பதாகப் பாடுகிறார். திருவள்ளுவர் மானம் அதிகாரத்தில் சுட்டும் கவரிமாவும் இதுவே என்பர். குறளில் உள்ள சொல் 'மா'; மான் அன்று. மயிர் இழந்தால் உயிர் வாழாது என்பதை மானத்தின் உவமையாகவே காலங்காலமாகப் படித்து வந்துள்ளனர். யாக் கார்க்காவின் குளிரில் ஓரிரவு கழித்தவர்க்கோ அது உவமையாவதற்கு முன் ஒரு நேர்ச் செய்தியாகவே படும். அவ்வுயரத்தில் மயிர் நீங்கினால் அவ்விலங்கு உண்மையிலேயே வாழாது.

இனி, உடம்பின் செய்தி. உயரம் கூடும்போது காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அழுத்தம் குறைகிறது. தோரோங் லாவில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைப்பது அங்கே இரண்டு மூச்சில்தான் கிடைக்கும். உடம்பு இதற்குப் பழகும்; ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். இளமையோ வலிமையோ மனத்திட்பமோ அதை விரைவுபடுத்தா. 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் வகுத்த நெறி. 3,540 மீட்டர் உயரத்தில் உள்ள மனாங் ஊரில் நடைப்பயணிகள் இரண்டு இரவு தங்குவது இதற்காகவே. 1973இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் அங்கே ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. பயணக் காலத்தில் அங்கே மருத்துவர் பிற்பகலில் வழிப்போக்கர்களை அமர வைத்து உயர நோய் பற்றி எடுத்துரைப்பது வழக்கம்.

அவ்வுரையின் சாரம் எளிது. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை இவை வந்தால் மேலே ஏறாதே. தங்கியும் குறையாவிட்டால் கீழே இறங்கு. இதனை மீறுவோர்க்கு இரண்டு பெருங்கேடுகள் உண்டு. ஒன்று மூளை வீங்குதல். தள்ளாடும் நடையும் தடுமாறும் பேச்சும் அதன் அறிகுறி. மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல். உலகின் மிக வறண்ட, மிக உயர்ந்த நிலம் ஒன்றில் மனிதன் தன் மார்புக்குள் ஊறும் நீரிலேயே மூழ்கிப் போகிறான். இரண்டுக்கும் முதல் மருந்து இறக்கமே. சில நூறு மீட்டர் கீழே இறங்கினாலே உயிர் மீளக்கூடும். அந்தச் சில நூறு மீட்டரை இறங்க மனம் ஒப்பாமையே பல சாவுகளுக்குக் காரணம்.

கணவாயின் அடிவாரத்துத் தங்கலிடம் தோரோங் பேதி. 'பேதி' என்றால் மலையடி. அடி என்று சொன்னாலும் அது 4,400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து பயணிகள் பின்னிரவில், மூன்று நான்கு மணிக்கே புறப்படுகின்றனர். முற்பகல் கழியுமுன் கணவாயில் காற்று கடுமையாகிவிடும் என்பதே காரணம். இருளில், தலையில் கட்டிய விளக்கின் வட்டத்தில், முன்னே செல்பவரின் குதிகால் மட்டும் தெரிகிறது. ஓரடி, ஒரு மூச்சு. குடுவையில் நீர் உறைகிறது. விடியும்போது ஒரு முகடு தெரிகிறது. அதுவே கணவாய் என்று மனம் துள்ளுகிறது. ஏறினால் அதற்கப்பால் இன்னொரு முகடு. அதற்கப்பாலும் ஒன்று. தோரோங் லாவில் இத்தகைய பொய் முகடுகள் பல. கடைசியில், எதிர்பார்ப்பை நிறுத்திவிட்ட ஒரு கணத்தில், கற்குவியலும் ஐந்நிற வழிபாட்டுக் கொடிகளும் ஒரு சிறு தேநீர்க் கடையும் கண்முன் நிற்கின்றன. அங்கே யாரும் நீண்ட நேரம் நிற்பதில்லை. கணவாய் தங்கும் இடம் அன்று. ஏறியது ஏறத்தாழ 1,000 மீட்டர். அன்றே இறங்க வேண்டியது 1,600 மீட்டர்.

இறங்கும்போது கண்ணுக்கு முன் விரிவது வேறொரு நிலம். அன்னபூர்ணாவின் தெற்குச் சரிவில் லும்லே என்னும் இடத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலைக்கு வடக்கே, காகம் பறக்கும் தொலைவில் அதிகம் இல்லாத ஜோம்சோமில் 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. வங்கக் கடலிலிருந்து வரும் முகில்களை மலை தெற்கிலேயே தடுத்து நிறுத்தி விடுகிறது. அதனால் முஸ்தாங் மண்நிறமும் சாம்பல்நிறமும் காவியுமாகக் காய்ந்து கிடக்கிறது. பனி உருகி வரும் ஓடைகளை ஒட்டி மட்டுமே பசுமைத் திட்டுகள். நடுவே காளி கண்டகி ஆறு அகன்ற கல்லாற்றுப் படுகையில் ஓடுகிறது. கடல் இங்கே வருவதில்லை என்பதே இந்நிலத்தின் இயல்பு. இதை நினைவில் கொள்க.

காளி கண்டகியின் பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுக் காலம் உப்பு வழியாக இருந்தது. திபெத்தின் ஏரிகளிலிருந்து எடுத்த உப்பு ஆட்டின் மீதும் யாக்கின் மீதும் கோவேறு கழுதையின் மீதும் தெற்கே வந்தது. தெற்கிலிருந்து தானியம் வடக்கே போயிற்று. உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போன உமணர்களைச் சங்கப் பாடல்கள் காட்டும். அவர்களது உப்பு கடற்கரையில் விளைந்தது. இங்கேயோ உப்பு மலைக்கு மேலிருந்து இறங்கியது. கணவாய்க்குக் கிழக்கே மனாங் மக்களும் விளைச்சல் போதாத நிலத்தில் வணிகத்தையே வாழ்வாக்கிக் கொண்டவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நேபாள அரசரிடம் வணிகச் சலுகை பெற்ற அவர்கள், பிற்காலத்தில் பாங்காக், சிங்கப்பூர் வரை சென்று வாணிகம் செய்தனர். பனிமலையின் ஒரு மூலையில் பிறந்து துறைமுக நகரங்களில் பொருளீட்டிய மக்கள் அவர்கள். அவர்களுக்கு மலை என்றும் சுவராக இருந்ததில்லை.

கணவாயிலிருந்து இறங்குவோர் முதலில் சேரும் பெரிய ஊர் முக்திநாத். உயரம் ஏறத்தாழ 3,700 மீட்டர். கோயிலின் பின்சுவரில் அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள் விழுகின்றன. அருகே சுவாலாமாயி கோயிலில் பாறையிடுக்கிலிருந்து வரும் இயற்கை வாயு, ஓடும் நீரை ஒட்டியே சிறு நீலச் சுடராக எரிகிறது. அச்சுடரைப் பேணுவோர் பௌத்தப் பெண் துறவியர். திபெத்திய பௌத்தர் இவ்விடத்தை நூறு ஊற்று என்னும் பொருள்படச் சூமிக் கியாட்சா என்பர். ஒரே நீரில் இரு சமயத்தார் தலை நனைக்கின்றனர். தமிழ் வைணவ மரபு இத்தலத்தையே திருச்சாளக்கிராமமாகக் கொண்டு நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் சாளக்கிராமத்தைப் பாடியுள்ளார்.

சாளக்கிராமம் என்பது கல்லின் பெயரும் ஆகும். காளி கண்டகியின் படுகையில் கிடக்கும் உருண்டைக் கருங்கற்களை உடைத்தால் உள்ளே சுருள் சுருளான ஒரு வடிவம் தெரியும். வழிபடுவோர் அதைச் சக்கரம் என்று கண்டனர். அறிவியலார் அதை அம்மோனைட் என்று அழைக்கின்றனர். அது கடலில் வாழ்ந்த, ஓடுடைய ஓர் உயிர். கணவாய் மீனுக்குத் தொலைவான உறவு. தமிழில் கடல் மீனுக்கும் மலை வழிக்கும் கணவாய் என்ற ஒரே சொல் வழங்குவது தற்செயலாக இருக்கலாம். இந்த ஆற்றங்கரையில் அந்தத் தற்செயல் பொருள் பெறுகிறது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்தது டெதிஸ் என்னும் கடல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது அக்கடல் மூடியது. அதன் தரை மடிந்து மேலெழுந்து மலையாயிற்று. விடுபட்டுப் போன நெய்தல் இதுவே. கடலின் தரையில்தான் கணவாயைக் கடந்தவர் இத்தனை நாளும் நடந்து வந்திருக்கிறார்.

இனிச் சொல்ல வேண்டியது துயரமானது. இவ்வுரைக்குக் காரணமானதும் அதுவே.

2014ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தின் முடிவில் அந்தமான் கடலில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகிப் புயலாயிற்று. புயல்களுக்குப் பெயர் சூட்டும் முறைப்படி ஓமன் நாடு தந்திருந்த ஹுத்ஹுத் என்னும் பெயர் அதற்கு அமைந்தது. ஹுத்ஹுத் என்பது அரபியில் கொண்டலாத்திப் பறவை. பாரசீகக் கவிஞர் அத்தாரின் பறவைகளின் மாநாடு என்னும் காவியத்தில், ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து தம் அரசனைத் தேடிச் செல்லும் பறவைகளுக்கு வழிகாட்டியாகச் செல்வது அதுவே. வழிகாட்டியின் பெயர் கொண்ட அந்தப் புயல் அக்டோபர் 12ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் கரையேறி அந்நகரைச் சிதைத்தது. பின்னர் வலுவிழந்தபடி வடக்கே சென்றது. கரையைக் கடந்ததும் புயலின் கதை முடிந்துவிட்டது என்றுதான் கடற்கரையில் வாழ்வோர் எண்ணுவர். ஹுத்ஹுத்தின் கதை அங்கே முடியவில்லை.

விசாகப்பட்டினத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் தோரோங் லா. அக்டோபர் அங்கே ஆண்டின் மிகத் தெளிந்த மாதம். மழைக்காலம் ஓய்ந்து வானம் நீலமாய் விரியும் காலம். அதனால் மலையெங்கும் நடைப்பயணிகள் நிறைந்திருந்தனர். அக்டோபர் 14ஆம் நாள், புயலில் எஞ்சிய ஈரமெல்லாம் மலைமேல் பனியாகக் கொட்டியது. மலை வழக்கமாகத் தடுத்து நிறுத்தும் கடல், அன்று தடையை மீறி உள்ளே வந்தது. பாதை மறைந்தது, வழிகாட்டும் கம்பங்கள் மறைந்தன, வானும் தரையும் ஒரே வெண்மையாகி, மேல் எது கீழ் எது என்று தெரியாத நிலை உண்டாயிற்று. கணவாயில் இருந்த சிறு தேநீர்க் கடையில் பலர் நெருக்கியடித்து ஒதுங்கினர். சிலர் அங்கேயே இரவைக் கழித்தனர். வேறு சிலர் முக்திநாத் நோக்கி இறங்கத் தலைப்பட்டனர். அவர்களுள் பலர் வழி தவறினர், பனியில் புதைந்தனர். சுற்று வட்டாரத்தில் பனிச்சரிவுகளும் நேர்ந்தன. அவ்வாரத்தில் அப்பகுதியில் மாண்டவர் குறைந்தது 43 பேர். அவர்களுள் இந்தியர், இஸ்ரேலியர், கனடியர், ஸ்லோவாக்கியர், போலந்தியர் இருந்தனர். நேபாள வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் யாக் மேய்ப்போரும் இருந்தனர்.

புயல் வருவது தெரியாத செய்தி அன்று. கடற்கரையில் பல்லாயிரவர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். ஆனால் கடற்கரைக்குச் சொல்லப்பட்ட செய்தி மலையேறவில்லை. கணவாய் நோக்கி நடந்துகொண்டிருந்தவர்களுள் மிகப் பலருக்குத் தங்கள் தலைக்கு மேல் ஒரு கடற்புயல் வந்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது. கடலும் மலையும் வெவ்வேறு உலகம் என்ற நினைப்பே இங்கே உயிர்களைக் குடித்தது. ஆற்றுக் கல்லுக்குள் சுருண்டு கிடக்கும் அந்தக் கடலுயிர், இரண்டும் ஒன்றே என்பதை என்றோ சொல்லி வைத்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

இறந்தோரைப் பற்றி உலகச் செய்தித்தாள்கள் எழுதின. வெளிநாட்டுப் பயணிகளின் பெயர், வயது, அவர்கள் படித்த கல்லூரி, அவர்கள் கடைசியாக வீட்டுக்கு அனுப்பிய செய்தி இவையெல்லாம் அச்சேறின. அது தகும், ஒவ்வோர் இறப்பும் அவ்வாறு எழுதத்தக்கதே. ஆனால் சுமைதூக்கி மாண்டவரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஓர் எண்ணோடு முடிந்தது. மலைப்பயணம் பற்றிய எழுத்துகளின் பழைய வழக்கமும் இதுதான். பயணி 'கடந்தான்' என்று எழுதப்படுகிறது. அவனது கூடாரத்தையும் அரிசியையும் அடுப்பையும் அதே நாளில் அதே கணவாயின் மேல் கொண்டு சென்றவன் 'உதவினான்' என்றுகூட எழுதப்படுவதில்லை.

நேபாளத்தில் சுமைதூக்குவோர் மூங்கிற் கூடையைக் கயிற்றுப் பட்டையால் நெற்றியில் மாட்டிச் சுமக்கின்றனர். கூடை டோகோ, பட்டை நாம்லோ. கையில் ஒரு குட்டையான தடி. அதன் தலை குறுக்குக் கட்டையாக இருக்கும். அதற்குத் தோக்மா என்று பெயர். களைத்தபோது சுமையை இறக்குவதில்லை. இறக்கினால் மீண்டும் ஏற்றுவது கடினம். தோக்மாவைப் பின்னால் ஊன்றிச் சுமையை அதன்மேல் தாங்கவிட்டு, நின்றபடியே மூச்சு வாங்குகின்றனர். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிக் கற்களைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே சுமைதாங்கியையும் சுமப்பவனே சுமந்து செல்கிறான்.

சுமைதூக்குவோர் மலைமக்களாதலால் உயரம் அவர்களைத் தாக்காது என்று பலரும் நம்புகின்றனர். இது தவறு. அவர்களுள் பெரும்பகுதியினர் தாழ்ந்த மலைகளின் உழவர்கள். அறுவடை ஓய்ந்த மாதங்களில் கூலிக்கு வருபவர்கள். அவர்களும் பயணியைப் போலவே மூச்சுத் திணறுகின்றனர். பயணிக்குள்ள தடித்த மேலாடையும் காலணியும் அவர்களுக்குப் பலகாலம் இல்லை. தலைவலி என்று சொன்னால் அன்றைய கூலி போகும் என்று அஞ்சிச் சொல்லாமல் நடந்தவர் பலர். 1997இல் சுமைதூக்குவோர் நலனுக்கென ஒரு பன்னாட்டுக் குழு உருவாயிற்று. அவர்களுக்கும் உடை, உறைவிடம், மருத்துவம் வேண்டும் என்றும், நோயுற்றால் தனியே கீழே அனுப்பிவிடலாகாது என்றும் அது வற்புறுத்தியது. இவ்வளவு எளிய அறத்தை வற்புறுத்த ஓர் அமைப்பு வேண்டியிருந்தது என்பதே அதற்கு முந்தைய நிலையைச் சொல்லும்.

இங்கே இளங்கோவடிகளை நினைப்பது பொருந்தும். செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்தான் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. அக்கல் யார் தலைமேல் ஏறி வந்தது என்பதையும் எழுதினார். தோற்ற மன்னர் கனகனும் விசயனும் அதைச் சுமந்தனர். தண்டனையாக ஏற்றப்பட்ட சுமைதான் அது. ஆயினும் சுமந்தவர் பெயர் காவியத்தில் இருக்கிறது. இமயத்துக் கல்லைப் பாடிய முதற்பெருங் காப்பியம் சுமந்த தலைகளை மறக்கவில்லை. பிற்காலப் பயண எழுத்து மறந்துவிட்டது.

2014க்குப் பின் சில மாற்றங்கள் வந்தன. வானிலைச் செய்தி முன்னினும் விரைவாகப் பரவுகிறது. 2023 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட மலைவழிகளில் வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டி இன்றிச் செல்லலாகாது என்று நேபாளம் விதித்தது. ஆனால் இன்னொரு மாற்றம் எதிர்த்திசையில் செல்கிறது. கணவாயின் இருபுறமும் சாலை வந்துவிட்டது. முக்திநாத்துக்கு மேற்கிலிருந்து வண்டியிலேயே போகலாம். கிழக்கே மனாங் வரை ஜீப் செல்கிறது. ஒரு வாரம் நடந்து அடைந்த உயரத்தை ஓரிரு நாளில் அடைய முடிகிறது. நோயாளியைக் கீழே கொண்டு செல்லவும், ஊராருக்கு அரிசியும் மருந்தும் சேரவும் சாலை வேண்டும். அதைக் குறை கூறும் உரிமை விருந்தினருக்கு இல்லை. ஆயினும் சாலை ஒன்றைத் தருகையில் ஒன்றைப் பறிக்கிறது. மருதத்திலிருந்து பாலை வரை அடியடியாக உடம்புக்குக் கற்பித்த அந்த மெதுவான பாடம் போய்விடுகிறது. வண்டியில் வந்தவனின் கால் களைக்கவில்லை. அதனால் தன் உடம்பு ஆயத்தமாகிவிட்டது என்று அவன் நம்புகிறான். உடம்போ இன்னும் பெசிசஹரிலேயே இருக்கிறது.

திரும்புதல் பற்றி ஒரு சொல். திருமங்கையாழ்வார் முக்திநாத் வரை செல்ல இயலாது, அணித்தாக ஓரிடத்தில் நின்றே பாடினார் என்று ஒரு வழக்கு உண்டு. திருநாவுக்கரசர் கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் அதை அடையவில்லை. திருவையாற்றிலே அக்காட்சி பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். இவர்கள் மலையைக் கடக்கவில்லை. மரபு அதனைத் தோல்வி என்று எழுதவில்லை. சேர்ந்தவனுக்கு மட்டுமே பெருமை என்னும் கணக்கு இந்த மரபினது அன்று. அது பிற்காலத்தில் வந்த சிகரக் கணக்கு. கணவாயின் கணக்கு வேறு. அடிவாரத்தில் வானத்தைப் பார்த்து, தோழரின் முகத்தைப் பார்த்து, சுமைதூக்குபவரின் மூச்சைக் கேட்டு, 'இன்று வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரே அவ்வழியை அறிந்தவர். கணவாய் நாளையும் அங்கேயே இருக்கும்.

கவிஞர் பெருமக்களே, இமயத்தைப் பாடும் கவிதைகள் இன்னும் எழுதப்படும்; எழுதப்பட வேண்டும். அவற்றில் வெண்மையும் அமைதியும் தூய்மையும் இனியும் வரும். அவற்றோடு அந்த வெண்மை அக்டோபர் மாதத்து ஒரு நாளில் என்ன செய்தது என்பதும் வரட்டும். நெற்றியில் பட்டை தழும்பேறிய ஒருவன் தோக்மாவை ஊன்றி நின்று மூச்சு வாங்கும் இடைவெளியும் வரட்டும். ஆற்றங்கல்லை உடைத்தால் உள்ளே கடல் இருப்பதும் வரட்டும். இமயத்தின் பனி வங்கக் கடலின் நீர் என்று அறிந்து எழுதுகிற கவிஞன் சென்னைக் கரையிலோ நாகைக் கரையிலோ இருந்தபடியே அம்மலையை அருகிலிருந்து பாடியவன் ஆவான்.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நடப்பதும் உயரமான வழியில் நடப்பது போன்றதே. முன்னே செல்பவரின் குதிகாலைப் பார்த்துப் பின்வருபவர் நடந்தனர். இதுவே முகடு என்று எண்ணிய இடங்களுக்கு அப்பால் வேறு முகடுகள் தோன்றின. நாற்காலி சுமந்தோர், அழைப்பிதழ் எழுதியோர், அச்சகத்துக்கு நடந்தோர் எனப் பெயர் வராத பலர் சுமந்த சுமையில் இம்மலர் இன்று மணக்கிறது. அவர்களுக்குரிய வணக்கத்தோடு இவ்வுரை நிறைவு பெறுகிறது.